கொலுப்படியில் நின்ற கூட்ஸ் எஞ்சின்

சென்ற மாதம் ஒரு காலை, புணேயின் போபோடிப் பகுதியிலிருந்து ஷிண்டே சைக்கிளில் வந்து என் வாசலில் இறங்கினார். என் தங்கை கமலத்தின் அடுத்த வீட்டுக்காரர்; சரக்கு ரயில் ஓட்டுநர். "தாயி, சாஹேப் கேலே" என்றார் மராத்தியில்; அக்கா, ஐயா போய்விட்டார். கமலத்தின் கணவர் சிவஞானம் உறக்கத்திலேயே காலமாகிவிட்டார். எவரையும் காக்க வைக்காத மனிதர்; இதிலும் வைக்கவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருநெல்வேலிக்காரர். ஐம்பதுகளின் தொடக்கத்தில் கட்கியில் ஒரு தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேனாக, அதாவது எந்திரங்களுக்கு வரைபடம் போடுபவராகச் சேர்ந்தார். பெண் பார்க்க வந்தவர் பெண்ணைவிட எங்கள் ஜன்னலையே அதிகம் பார்த்தார். "நிலை அரை அங்குலம் சாஞ்சிருக்கு" என்றார். என் தந்தைக்குக் கோபம். நான்தான் சம்மதிக்கச் சொன்னேன். பொய் சொல்லத் தெரியாத மாப்பிள்ளை எளிதில் கிடைப்பதில்லை.

அறுபதுகளில் புணே யார்டுக்கு டீசல் சரக்கு எஞ்சின்கள் வரத் தொடங்கின. பலரும் நீராவி எஞ்சினுக்காக உருகினார்கள். அப்படி உருகியவர்களில் எவரும் கரி படிந்த சட்டையைத் தாமே துவைத்தவரல்லர். சிவஞானம் உருகவில்லை. ஷிண்டேயின் தயவில் புதிய எஞ்சினைச் சுற்றிச் சுற்றி அளந்து வந்து, நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்யத் தொடங்கினார். எண்ணெய் டின் தகடு உடலாயிற்று. சைக்கிள் கம்பி கைப்பிடியாயிற்று. பற்றவைக்கும் இரும்பைக் கரியடுப்பில் காய்ச்ச வேண்டும். ஆகவே அந்த இரண்டறை வீட்டின் சமையலறை மூலையே பட்டறையாயிற்று. கமலம் இரண்டு ஆண்டுகள் ஈயப்புகையில் தோசை வார்த்தாள். எஞ்சின் முடிந்த ஆண்டு, நவராத்திரிக்கு முன்பு நிபந்தனை விதித்தாள்.

"இந்த வருசம் அது கொலுவுல நிக்கணும். இல்லன்னா உங்க பட்டறை அடுப்படிய விட்டுக் கிளம்பணும். நாலு பேருக்குக் காட்டாத சாமானுக்கு இங்க எதுக்கு எடம்?"

அவர் என்னிடம் முறையிட்டார். "மதினி, நீங்களே சொல்லுங்க. எஞ்சின் அளவுல பாத்தா அந்தச் செட்டியார் பொம்மை உக்காந்தாலே முப்பதடி. எந்திரிச்சாருன்னா எஞ்சினைக் கக்கத்துல இடுக்கிட்டுப் போயிருவாரு."

"யாவாரத்த விட்டுட்டுச் செட்டியார் எங்க தம்பி எந்திரிக்கப் போறாரு?" என்றேன்.

பட்டறை போய்விடுமே என்ற அச்சத்தில் ஒரு வழி கண்டார். தொலைவில் இருப்பது சிறிதாகத்தான் தெரியும். எனவே எஞ்சினை உச்சிப்படியில், கலசத்துக்கு அருகே நிறுத்தினார். கணக்கு சரி, ஆனால் கொலுவில் மேல்படி தெய்வங்களுக்கு, நடுப்படி மனிதருக்கு.

"மீனாட்சிக்குப் பக்கத்துல கூட்ஸ் வண்டியா! ஏங்க, உங்களுக்குக் கிறுக்கா?"

அந்நேரம் ஷிண்டே குடும்பத்தோடு சுண்டலுக்கு வந்து சேர்ந்தார். எஞ்சினைக் கீழே இறக்கி, கண்ணருகே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிவஞானத்தின் முகம் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவர் முகம்போல் இருந்தது.

"சப் டீக் ஹை, சாஹேப். லேகின் மை கஹாங் ஹூங்?" எல்லாம் சரிதான், இதில் நான் எங்கே என்று கேட்டார் ஷிண்டே. ஓட்டுநர் அறை காலியாக இருந்தது.

"டிராயிங்ல ஆள் போடுற வழக்கமே கிடையாது, மதினி" என்று என்னிடம் முணுமுணுத்தார் சிவஞானம். அத்தனை ஆண்டுகள் எந்திரங்களை வரைந்தவர், ஒன்றில்கூட ஆளில்லை.

கமலம் தீர்ப்புச் சொன்னாள்: "ஒரு ஆள உள்ள உக்கார வையுங்க. மனுசன் ஓட்டுற வண்டின்னா மனுசங்க படியில நிக்கட்டும். அடுப்படி மூலையும் உங்களுக்கே."

மறுநாள் அரக்கில் ஒரு மனிதரைச் செய்தார். சுண்டுவிரலில் பாதி உயரம், ஷிண்டேயின் மீசை. எஞ்சின் செட்டியாருக்குப் பக்கத்தில் நின்றது. செட்டியாரின் உயரத்தைப் பற்றி அவர் அதன்பின் பேசவேயில்லை. ஷிண்டே தம் தோழர்களையெல்லாம் அழைத்து வந்து தம்மைக் காட்டினார். சுண்டல் போதவில்லை.

இப்போது அவருடைய காரியங்கள் முடிந்ததும் உறவினர் சிலர், அந்த மூலையைக் காலி செய்து தருவதாகக் கமலத்திடம் அன்போடு சொன்னார்கள். தகடுகளும், தூரிகைகளும், பாதியில் நின்ற ஒரு சரக்குப் பெட்டியும் அங்கே கிடந்தன.

"எடம் பத்தலன்னா அடுப்பத் தூக்கி முத்தத்துல வையுங்க" என்றாள்.

வைத்தோம்.

போய் வாருங்கள், தம்பி. உங்கள் மூலை உங்களுக்கே இருக்கிறது. நாங்கள்தான் வெளியில் சமைக்கிறோம். மழை வந்தால் உங்களைத்தான் திட்டுவோம்.