ஒடுங்கிய சொம்பு

என் சமையலறையில் ஒரு பித்தளைச் சொம்பு இருக்கிறது. அதன் வயிறு ஒரு பக்கம் ஒடுங்கியிருக்கும். பாத்திரக் கடைக்காரர் தட்டி நேராக்கித் தருவதாகச் சொன்னார், வேண்டாம் என்றுவிட்டேன். அந்த ஒடுக்கு ஒரு மனிதரின் நெற்றியில் பட்டு விழுந்தது.

வேலை கிடைத்துச் சிங்காநல்லூருக்கு வந்த புதிதில் நான் குடியேறிய வீட்டின் ஓனரம்மாவுடையது அது. வாசலுக்கு யார் வந்தாலும், சண்டைக்கே வந்தாலும், அவருக்கு முதலில் தண்ணீர், பேச்சு பிறகுதான். வீட்டு முன்னால் தெருவோரம் ஒரு தூங்குமூஞ்சி மரம். பக்கத்துக் குளத்துக் கொக்குகள் அதில் கூடு கட்டும். கொடியில் காயும் என் சேலையில் எச்சம் விழுந்து நான் முகம் சுளித்தால், "அதுகளும் நம்மூட்டுல குடியிருக்குது கண்ணு, வாடகைதான் தரமாட்டேங்குது" என்று சிரிப்பார்.

ஒரு காலையில் கான்ட்ராக்டர் ஒருவர் ஆட்களோடு வந்தார். மின்கம்பிக்காக ஆண்டுதோறும் கிளை கழிக்க வருகிறவர்கள் என்றே ஓனரம்மா நினைத்தார். சொம்பில் தண்ணீர் கொடுத்தார். நிழலில் நின்ற தன் ஸ்கூட்டரையும் நகர்த்தி வழிவிட்டார். வந்தவர்கள் எதிர்க் கல்யாண மண்டபத்துக்காரர் அனுப்பியவர்கள். விருந்தாளிகளின் கார்களில் எச்சம் விழுகிறதாம். மரத்தையே சாய்க்க வந்திருந்தார்கள்.

மெஷின் பெரிய கிளையை அறுத்துத் தள்ளியது. கூடுகளோடு அது தார்ச்சாலையில் மோதியது. இறகு முளைக்காத குஞ்சுகள் சிதறின. சில அப்படியே செத்தன, சில வாயைத் திறந்து துடித்தன. தாய்க் கொக்குகள் தலைக்குமேல் அலறிச் சுற்றின. கான்ட்ராக்டர் செருப்புக் காலால் ஒரு குஞ்சை மிதித்து ஓரம் தள்ளிவிட்டு, "அடிமரத்துல வைங்கடா" என்றார். அது நொறுங்கிய சத்தம் வாசலில் நின்ற எனக்கே கேட்டது.

"ஏனுங்க," என்று கூப்பிட்டார் ஓனரம்மா. கான்ட்ராக்டர் திரும்பினார். "எங்கூட்டுத் தண்ணியக் குடிச்சுப்போட்டு இதச் செய்யறீங்களாங்க?" கேட்டபடியே சொம்பால் ஓங்கி அடித்தார். நெற்றி பிளந்து இரத்தம் சட்டையில் வழிந்தது. ஆட்களில் ஒருவன் பிடித்துத் தள்ளியதில் கீழே விழுந்து ஓனரம்மாவின் வலது மணிக்கட்டு முறிந்தது. எழுந்து இடது கையால் இன்னோர் அடி அடித்தார். "போயிருங்க" என்றார், அப்போதும் மரியாதையை விடவில்லை. தெருவே கூடி மெஷினைப் பிடுங்கி நிறுத்தியது. நானும் கையில் ஒரு கல்லை எடுத்திருந்தேன். எறிய வேண்டும் போல அவ்வளவு வெறி. அதற்காக நான் இன்றுவரை வெட்கப்பட்டதில்லை.

மரம் பிழைத்தது. போலீஸ் வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. அவர் கை சரியாகக் கூடவே இல்லை. நிறைந்த சொம்பைத் தூக்க முடியாமல் போனபோது என்னிடம் கொடுத்தார். "நீயே வெச்சுக்க கண்ணு. எம்பட பையன் எடைக்குப் போட்டுருவான்."

இப்போது அவர் இல்லை. மரம் ஒரு பக்கம் மொட்டையாக நிற்கிறது. மிச்சக் கிளைகளில் கொக்குகள் நெருக்கியடித்துக் கூடு கட்டுகின்றன. போன வாரம், சாலையை அகலப்படுத்தப் போவதாகச் சொல்லி இருவர் வந்து, வெட்ட வேண்டிய மரம் என்று அடிமரத்தில் சிவப்புப் பெயின்ட் அடித்தார்கள். நான் சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுபோனேன். வாங்கியவர் ஒடுக்கைத் தடவிப் பார்த்து, "கீழ போட்டுட்டீங்களாங்க?" என்றார்.

"இல்லீங்க. முன்னால ஒருத்தர் இந்த மரத்த வெட்ட வந்தாருங்க," என்றேன். "நீங்க குடிங்க."

அவர் குடிக்காமல் சொம்பைத் திருப்பிக் கொடுத்தார்.