நின்றபடி ஒரு நேர்காணல்

இன்று காலை அலுவலகத்தில், வெகுநாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து ஏசியைப் போட்டார்கள். புழுங்கிய கம்பளமும் குளிர்ந்த தூசியும் கலந்த ஒரு வாடை வந்தது. உங்களுக்கு அது வெறும் வாடை. எனக்கு அது நேர்காணல் வாடை.

திருச்சியில் நான் படித்த பொறியியல் கல்லூரியின் கருத்தரங்கக் கூடத்திலும் இதே வாடைதான். வெளிநாட்டுக்காரர்கள் வந்தால்தான் அங்கே ஏசி ஓடும். அவர்கள் திரையில் மட்டும் வந்தாலும் ஓடும். பாவம், அங்கிருந்தபடியே வியர்த்துவிடுமே!

மூன்றாம் ஆண்டில், ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஒரு பருவம் படிக்க எங்கள் துறையில் ஒருவருக்கு இடம் என்றார்கள். செலவெல்லாம் அவர்களுடையது. நான் லால்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். பள்ளிப்படிப்பு முழுக்கத் தமிழில். தோழி சபீராவும் தமிழில் படித்தவள்தான். மலைக்கோட்டைக்குக் கீழே வீடு, அத்தா துபாயில். எனக்கு ஸ்ரீரங்கத்தில் வாடகை அறை. மாலையில் ஒரே டவுன் பஸ்ஸில் ஏறி, அவள் இறங்கும் சத்திரம் வரை ஆங்கிலத்தில் மட்டுமே பேசுவதென்று சபதம் எடுத்தோம். பாலக்கரை தாண்டுவதற்குள் இருவரும் ஊமையாகிவிடுவோம். "என்னம்மா, ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்பார் கண்டக்டர்.

நேர்காணல் அன்று என்னை மடிக்கணினி முன் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள். திரையில் மூன்று முகங்கள் தோன்றியதுதான் தாமதம், எழுந்து நின்றுவிட்டேன். வாத்தியார் வந்தால் எழ வேண்டும், சொல்லும்வரை உட்காரக் கூடாது. ஒன்றாம் வகுப்பில் ஏறிய பழக்கம். அவர்கள் உட்காரத்தான் சொல்லியிருப்பார்கள். பயத்தில் ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது என் துப்பட்டாவும் அதைத் திருகும் கைகளும்தான். தலைகீழாகத் தெரிந்த பாடத்தையெல்லாம் நின்றபடியே உளறினேன்.

அடுத்து சபீரா. வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படி இருந்துச்சுடி?"

"எந்திரிக்காத. என்ன ஆனாலும் சேரைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தே இரு."

உட்கார்ந்தே இருந்தாள். அவளுக்குக் கிடைத்தது. சந்தோஷப்பட்டேன், அன்று சாப்பாடு இறங்கவில்லை என்பதும் உண்மை.

பிறகு மேற்படிப்புக்கும் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள். இன்றைய கூட்டத்திலும் திரையில் வெளிநாட்டு முகங்கள். எழுந்துவிடுவேனோ என்று, கால்களை நாற்காலியோடு பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் சபீராவுக்கு போன் போட்டேன்.

"இன்னிக்கும் எந்திரிக்கப் பார்த்தேன்டி. உனக்கு அந்த ஊர்க்காரங்க முன்னாடி உக்காரும்போது பயமா இருக்காது?"

"எதுக்குடி பயம்?" என்றாள்.

நடிக்கவில்லை, நிஜமாகவே மறந்துபோயிருந்தாள். இரண்டு பேர் சேர்ந்து பயந்த பயம் அது. இப்போது நான் ஒருத்திதான் பயப்படுகிறேன்.