மலைக்கு அடியில் ரெண்டாம் பாகம்

டிசம்பர் பிறந்தால் போதும், பத்திரிகைக்காரர்களுக்கு ஒரு வியாதி வந்துவிடும். 'குளிர்கால விடுமுறையில் வாசிக்க இனிய புத்தகங்கள்' என்று எழுதி, கூடவே ஒரு படமும் போடுவார்கள். படத்தில் ஒரு பெண் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஆவி பறக்கும் காப்பியோடு ஜன்னலோரம் வாசித்துக்கொண்டிருப்பாள். யார் பெற்ற பிள்ளையோ, புண்ணியவதி! மார்த்தாண்டத்துப் பக்கம் குளிர்காலம் என்றால் ஃபேனை அஞ்சிலிருந்து மூணுக்குக் குறைப்போம், அவ்வளவுதான். அரையாண்டுப் பரீட்சைத் தாள் ஒரு பக்கம் குவிந்து கிடக்கும், கிறிஸ்மஸ் பலகாரமான முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுக்கிற வேலை இன்னொரு பக்கம். நான் கணக்கு டீச்சர். கம்பளிக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

ஆனாலும் லீவுக்கு லீவு ஒரு தடித்த நாவலை வாசித்து முடிப்பேன். போன டிசம்பரில் எங்கள் ஊர் வாசகசாலையிலிருந்து ரெண்டு பாக நாவல் ஒன்றின் முதல் பாகத்தை எடுத்துவந்தேன். வாசகசாலை என்றதும் நீங்கள் எதையும் கற்பனை பண்ணிக்கொள்ள வேண்டாம். ஒரு அலமாரி புத்தகம், ஒரு கேரம் போர்டு, ஊரையே தூக்கிப்போடுகிற ஸ்பீக்கர் செட்டு. அதோடு சேர்ந்து இளைஞர் மன்றமும் உண்டு. அதன் செயலாளருக்குத் தலை பாதி நரைத்துவிட்டது, இளமை மட்டும் போகமாட்டேன் என்கிறது.

கல்ஃபிலிருந்து என் வீட்டுக்காரர் லீவில் வந்திருந்தார். பாஸ்போர்ட்டைத் தவிர வேறு எதையும் விரித்துப் பார்க்காத மனுஷன். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து போனில் பேச்சு ரெண்டே ரெண்டு. "சாப்டியா?" "சாப்டேன்." நேரில் வந்தாலும் முதல் வாரத்துக்கு மேல் பேச விஷயம் இருக்காது. அந்த வருஷம் அவர் முந்திரிக்கொத்துக்கு உருண்டை பிடிக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து சும்மா சத்தமாக வாசித்தேன். கப்பலேறிப் போன புருஷன் பல வருஷம் கழித்துத் திரும்பிவருகிற கதை. மனுஷன் உருண்டையை மறந்து வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். புருஷன் வந்து கதவைத் தட்டுகிறான், அவள் தாழ்ப்பாளில் கை வைக்கிறாள், முதல் பாகம் முடிந்துபோச்சு.

"ஏட்டி, தொறந்தாளா இல்லியா?" என்று கேட்டார். குரலில் அப்படி ஒரு பதற்றம். இவரோடு பேச எனக்கு ஒரு விஷயம் கிடைத்துவிட்டதே என்று சத்தியமாகச் சந்தோஷப்பட்டேன். வருஷப் பிறப்பு கழிந்ததும் அவருக்கு ஃப்ளைட். அதற்குள் ரெண்டாம் பாகத்தை முடித்துவிட வேண்டும் என்று வாசகசாலைக்கு ஓடினேன்.

அலமாரி காலி. ஒரு புத்தகம் இல்லை.

செயலாளர் வாயெல்லாம் பல்லாக நின்றார். "எல்லா புக்கும் யூஸ்ல இருக்கு டீச்சர்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து, "நம்ம ஊரு திருந்திட்டு, கேட்டியளா!" என்று கத்தினேன். அன்றைக்குக் கரோல் பாட வந்தவர்களுக்கு வழக்கத்தைவிட அதிகமாக முந்திரிக்கொத்தை அள்ளிக் கொடுத்தேன். நாவலை எடுத்துப்போன அந்த வாசகர் யாரோ, நல்லா இருக்கட்டும், சீக்கிரம் முடிக்கட்டும் என்று ஜெபமும் பண்ணினேன்.

கிறிஸ்மஸ் அன்று கோயில் விட்டு வரும்போது இயேசு பிறந்த காட்சியை ஜோடித்து வைத்திருந்த மன்றத்துக் குடிலைப் பார்க்கப் போனோம். பெத்லகேம் மலை ஆள் உயரத்துக்கு நின்றது. அருவி, ஆட்டுக்கூட்டம், உச்சியில் ராஜாவின் தெர்மாகோல் அரண்மனை. முந்தின நாள் தூறலில் மலையின் பச்சைக் காகிதம் ஓரத்தில் உரிந்திருந்தது. உள்ளே எட்டிப்பார்த்தால் வாசகசாலை முத்திரை! ஒன்றின் மேல் ஒன்றாக மொத்த அலமாரியும் மலையாகிக் கிடக்கிறது. அரண்மனைக்கு நேர் கீழே என்னுடைய ரெண்டாம் பாகம்.

"நாசமாப் போவான்!" கிறிஸ்மஸ் நாள் என்றும் பார்க்கவில்லை, சொல்லிவிட்டேன்.

செயலாளரைப் பிடித்து உலுக்கினேன். அவர் ரொம்பப் பொறுமையாக விளக்கினார். "செங்கல்லுன்னா காசு குடுக்கணும்லா டீச்சர். புக்கு சும்மாதானே இருக்கு? இப்ப அத உருவுனா அரண்மன சரிஞ்சிரும். நாளைக்கு சாயந்திரம் குடில் போட்டிக்கு நடுவர்மாரு வாராவ. சனவரி ஆறாந்தேதி மூணு ராஜாக்களும் கொழந்த இயேசுவப் பாக்க வந்து சேந்தப்பொறம்தான் குடிலப் பிரிப்போம்."

ஆறாந்தேதி என் ராஜா கல்ஃபில் இருப்பார். வழியெல்லாம் எரிந்துகொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் முதல் பாகத்தை எடுத்து விரலால் கனம் பார்த்தார்.

"ஏட்டி, ரெண்டும் ஒரே கனம்தானே?"

மறுநாள் மத்தியானம் மன்றத்துக்காரர்கள் பிரியாணி சாப்பிடப் போயிருந்தார்கள். நான் ரெண்டு கையாலும் அரண்மனையைத் தூக்கிப்பிடித்தேன். என் மூக்குக்கு முன்னால் ஒரு பல்பு தேவதூதன் கண் சிமிட்டிச் சிமிட்டி எரிந்தான். அவர் ரெண்டாம் பாகத்தை உருவி, முதல் பாகத்தைச் சொருகினார். மலை அசையவில்லை. ஒரு ஆடு மட்டும் அருவியில் விழுந்தது, அதை எடுத்துத் துடைத்து வைத்துவிட்டு ஓடிவந்தோம். இருபது வருஷத்துத் தாம்பத்தியத்தில் நாங்கள் சேர்ந்து செய்த முதல் திருட்டு.

சாயங்காலம் எங்கள் குடிலுக்குத்தான் முதல் பரிசு. என்ன பரிசு என்கிறீர்கள்? வாசிப்பை வளர்க்க ஒரு கட்டுப் புத்தகம்! செயலாளர் அதைத் தூக்கிப்பார்த்துவிட்டு மைக்கில் சொன்னார், "நல்ல கனம் இருக்கு. அடுத்த வருசம் நம்ம மலைய இன்னும் ஒசத்திரலாம்." கைதட்டல் அடங்க நேரமானது.

அப்புறம் கிடைத்த நேரமெல்லாம் வாசிப்புதான். அவள் கதவைத் திறந்துவிட்டாள். அதைக் கேட்டதும் இவர் நீளமாக மூச்சு விட்டார். ஆனால் லீவு வீட்டில் நிம்மதியாக வாசிக்க விடுவார்களா? சித்தி வந்தாள், கொழுந்தன் குடும்பம் வந்தது, வட்டக்கோட்டைக்கு வேன் பிடித்துப் போனோம். கதையில் அந்தப் புருஷன் மறுபடியும் கப்பலுக்குப் பெட்டி கட்டுகிறான், அவள் வாசலில் வந்து நின்று அவனிடம் எதையோ சொல்ல வாயெடுக்கிறாள். அந்த இடத்தில் இவருக்கும் பெட்டி கட்டுகிற நேரம் வந்துவிட்டது. திருவனந்தபுரம் ஏர்போர்ட் வரைக்கும் காரில் போய் அவரை வழியனுப்பினேன்.

திரும்பி வந்து மிச்சத்தை வாசிக்கலாம் என்று பார்த்தால் மேசையில் புத்தகம் இல்லை. கட்டிலுக்கு அடியில்கூடத் தேடினேன். மறுநாள் போன் வந்தது.

"பொஸ்தகம் எங்கிட்டதாம்ட்டி இருக்கு. வாசிச்சு முடிச்சிட்டேன்."

"அட பாவி மனுஷா! அவ என்ன சொன்னா? சொல்லுங்க!"

"போன்ல சொல்லமாட்டேன். அடுத்த டிசம்பர்ல வந்து நானே வாசிச்சுக் காட்டுதேன். நீ உருண்ட பிடி."

திட்டினேன். கெஞ்சினேன். மனுஷன் மசியவில்லை. அன்றைக்கு நான் சாப்பிட்டேனா என்று கேட்கவும் மறந்துவிட்டார். போனை வைத்த பிறகு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும்.

குடிலைப் பிரித்த பிறகு செயலாளர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் முதல் பாகம்.

"டீச்சர், அடுக்கிப் பாத்தா ஒரு புக்கு கொறையுது. அந்த ரெண்டாம் பாகம் ஒங்ககிட்டயா இருக்கு?"

"இல்ல," என்றேன். "அது யூஸ்ல இருக்கு."