முட்டுக்கட்டை

வண்டிகளுக்குத் தகுதிச் சான்று கொடுக்கும் சோதனைக் களத்தில் ஆய்வாளராக இருந்த அவளுக்கு டிரைவர்கள் வைத்த பெயர் முட்டுக்கட்டை. காதில் விழும்படியேதான் சொல்வார்கள். அவள் கோபித்துக்கொண்டதில்லை. எழுந்து போய் அடுத்த வண்டியின் அடியில் குனிவாள்.

அவள் கணவன் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன். ஒரு மத்தியானம் மலைச் சாலை இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை. எதிரே வந்த வேனில் மோதாமல் இருக்க, வண்டியைப் பாறைப் பக்கம் ஒடித்தான். பயணிகள் காயத்தோடு பிழைத்தார்கள். அவன் ஸ்டியரிங்குக்குப் பின்னால் நசுங்கிச் செத்தான். பொழுது சாய்வதற்குள் பஸ் முதலாளி போலீசிடம், "குடிச்சிட்டு ஓட்டியிருக்கான் சார், எவ்வளவோ கண்டிச்சுப் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டார். சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பாட்டிலும் வெளியே வந்தது.

அவனுக்கு வயிற்றுப்புண். இருமல் மருந்து குடித்தாலே சுருண்டு படுப்பவன். இதை அவள் போலீசில் சொன்னாள், டிரைவர்கள் சங்கத்தில் சொன்னாள். "பிரேக் லைனிங் சுத்தமா தேஞ்சு போச்சு, மாத்தச் சொன்னா நாளைக்கு நாளைக்குங்கறார்" என்று அவன் சோற்றுத் தட்டின் முன்னால் புலம்பியதையும் சொன்னாள். பொண்டாட்டி வேறு எப்படிச் சொல்வாள் என்று எல்லாரும் தலையாட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். இதில் பெரிய அடி, மாமியாரே நம்பிவிட்டது. "எம் புள்ளய நீ நிம்மதியா வச்சிருந்தா அவன் ஏன் குடிக்கப் போறான்?" என்று வந்தவர்களிடமெல்லாம் மூக்கைச் சிந்தினாள். மகள் பள்ளிக்கூடத்தில் குடிகாரன் மகள் ஆனாள்.

அவள் முதலாளி வீட்டுக்கே போனாள். அவர் வாசலில் நின்று காரைத் துடைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாட்டில் அவரோடது இல்லன்னு உங்களுக்குத் தெரியும். அத மட்டும் சொல்லிடுங்கய்யா. எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போம்மா. பிரேக்கப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

அன்று அவள் அழவில்லை. நேராகக் கணவனின் சிநேகிதர் ஒருவரின் மெக்கானிக் ஷெட்டுக்குப் போனாள்.

"அண்ணே, எனக்கு பிரேக் வேல கத்துக்கொடுங்க."

"ஏம்மா, தையல் கியல் கத்துக்கக் கூடாதா?"

"தையல் கத்துக்கிட்டு யார் வாயத் தைக்கறது?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் கிரீஸ் துடைக்கும் துணியோடு வந்து நின்றுவிட்டாள். பகலில் ஷெட், சாயங்காலத்தில் டிப்ளமா வகுப்பு. பிறகு வாகன ஆய்வாளர் தேர்வு. முதல் முறை கோட்டை விட்டாள், அடுத்த முறையும். எழுத்துத் தேர்வில் தேறியபோது நேர்காணலில் கவிழ்த்தார்கள். "இந்த வயசுல உனக்கு ஏம்மா இந்த வீம்பு?" என்று அண்ணி கேட்டாள். வீம்பு ஒன்றுதான் அவளிடம் மிச்சமிருந்தது. அதையும் விட்டுக்கொடுத்தால் முதலாளி ஜெயித்ததாக ஆகிவிடும்.

வேலை கிடைத்தது எங்கோ தொலைவில். அங்கே உட்கார்ந்துகொண்டு வருஷா வருஷம் சொந்த ஊருக்கு மாற்றல் கேட்டாள். முதலாளியின் பஸ்களை எட்டிக்கூடப் பார்க்காமல் பாஸ் போட்டுக்கொண்டிருந்த ஊர் ஆய்வாளர் ஓய்வுபெற்ற பிறகுதான் அந்த நாற்காலி காலியானது. அவள் வந்து உட்கார்ந்தபோது தலை பாதி நரைத்திருந்தது.

முதலாளிக்கு அவளை அடையாளமே தெரியவில்லை. "மேடம்" என்று கும்பிட்டார். அந்தக் கும்பிடு அவளுக்குத் தித்தித்தது. ஆனால் அவள் பாயவில்லை. முதலில் ஊரிலிருந்த மற்ற வண்டிகளையெல்லாம் சலித்து எடுத்தாள். தன் சொந்தக்காரர் லாரியையே திருப்பி அனுப்பினாள். முட்டுக்கட்டை என்ற பெயர் அப்போதுதான் வந்தது. முதலாளியின் புது பஸ்கள் சரியாக இருந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு பாஸ் போட்டாள். நாளைக்குப் பழிவாங்குகிறாள் என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

பிறகு அவருடைய பழைய பஸ் ஒன்று வந்தது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தாள். லைனிங் தேய்ந்து, அதைப் பிடித்திருக்கும் ரிவெட் ஆணி வெளியே பளபளத்தது. ஓரங்கட்டச் சொல்லிவிட்டு, சட்டம் கொடுத்த உரிமைப்படி அவருடைய எல்லா வண்டிகளையும் ஒவ்வொன்றாக வரவழைத்தாள். பொய்யாக ஒரு குறைகூட எழுதவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை. ஒன்றைச் சரிசெய்து கொண்டுவந்தால் அடியில் துரு பிடித்த இன்னொன்றைக் காட்டினாள்.

ஓடாத பஸ்கள் களத்தில் வரிசை கட்டி நிற்க, முதலாளி வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

"மேடம், உங்களுக்கு எம்மேல என்ன கோபம்?"

அவள் கணவனின் பெயரைச் சொன்னாள். அவர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த டயரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"உனக்கு... உங்களுக்கு என்ன வேணும்?"

"அன்னைக்கு வாசல்ல கேட்டதுதான். இங்க எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

இத்தனை வருஷத்துக்குப் பிறகு வாயால் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும். டிரைவர்கள் கூடினார்கள். "அவன் குடிக்கல. பாட்டில நாங்கதான் வச்சோம். பிரேக்தான் போச்சு" என்றார். குரல் எழும்பவில்லை.

"பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல."

உரக்க இன்னொரு தடவை சொன்னார். ஒரு வயசான டிரைவர் காறித் துப்பிவிட்டுப் போனார்.

"இப்ப வண்டிங்கள விட்டுடலாம்ல?"

"அது எப்படிங்கய்யா? நீங்க சொன்னதால லைனிங் வளந்துடுமா?"

அவர் முகத்தை அவள் அவசரமில்லாமல் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.

வீட்டில் மாமியாரிடம் நடந்ததைச் சொன்னாள். கிழவி, "அப்பவே தெரிஞ்சிருந்தா..." என்று இழுத்தாள்.

"அப்பவே சொன்னேன் அத்த. நீங்கதான் கேக்கல." ஆறுதலாக ஒரு வார்த்தை சேர்க்கத் தோன்றவில்லை. தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு நகர்ந்தாள்.

முதலாளியின் பஸ்கள் ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக்குப் போகத் தொடங்கின. அடுத்த வருஷம் தலைமை அலுவலகத்தில் அவளுக்குப் பதவி உயர்வு வந்தது. இவ்வளவு பெரிய வாய்ப்பை ஏன் வேண்டாம் என்கிறாள் என்று மேலதிகாரிக்குப் புரியவில்லை.

"வேண்டாம்னு சொல்லல சார்" என்றாள். "அவரோட பழைய பஸ் ஒண்ணு இன்னும் ஓடிட்டிருக்கு. அது நின்னதும் வரேன்."