மாப்பிள்ளை பஸ்ஸும் கல் பாலமும்

திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவுக்கு வர வேண்டுமென்றால் வாய்க்கால் மேலிருந்த கல் பாலத்தைத் தாண்டியாக வேண்டும். மூன்று வளைவுகள் வைத்து வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. சித்தி கல்யாணத்துக்கு முந்தைய மழையில் நடு வளைவிலிருந்து ஒரு கல் கழன்று தண்ணீரில் விழுந்தது. கொத்து வேலை செய்யும் என் மாமா பனங்கட்டைகளால் சாரம் கட்டி, மூன்று நாள் பாடுபட்டு, அதே கல்லைப் பழைய இடத்தில் செருகிச் சுண்ணாம்பு வைத்துப் பூசினார். சிமெண்டு இல்லாத வேலையா என்று ஊர் சிரித்தது.

“சுண்ணாம்பு தடவிட்ட. வெத்தில பாக்கு எத்துகினு வந்தா போட்டுக்கலாம்” என்றார் டீக்கடைக்காரர்.

மாமா சாரத்தைப் பிரிக்கத் தொடங்கினார். எங்கள் வீட்டில் யாருக்கும் வெற்றிலை போடும் பழக்கம் கிடையாது.

கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை, பூந்தமல்லியிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டு பஸ் பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. டீக்கடைப் பேச்சு டிரைவர் காதுக்கும் போயிருந்தது. இறங்கி நடந்து வரும்படி தாத்தா கெஞ்சினார். மாப்பிள்ளையின் பெரியப்பா ஜன்னலில் தலையை நீட்டினார்.

“மாப்பிள்ளைய நடக்க வெச்சீங்கன்னா, இப்டியே ஊட்டுக்குத் திரும்பிப் பூடுவோம்.”

மாமா டிரைவரின் காதில் ஏதோ சொன்னார். பிறகு புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார். வெட்கம் தாங்காமல் ஒளியப் போகிறார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். துணைக்கு நானும் சரிவில் இறங்கினேன். நடு வளைவின் கீழே இடுப்பளவு தண்ணீரில் நின்றவரின் முகம் என்னைப் பார்த்ததும் மாறியது.

“மேல போடா. கிட்ட வந்தின்னா காலை ஒடிச்சிடுவேன்.”

அதுவரை அவர் என்னைக் கடிந்ததே இல்லை. அழுதுகொண்டே கரையேறினேன்.

பஸ் பாலத்தில் ஏறியது. வரவேற்கக் காத்திருந்த தவில்காரர் ஓங்கிய கையோடு அப்படியே நின்றார். முதல் வளைவு, நடு வளைவு, கடைசி வளைவு. ஒரு பொட்டுச் சுண்ணாம்பு உதிரவில்லை. பின் சக்கரம் எங்கள் மண்ணைத் தொட்டதும் தவிலும் நாயனமும் அதிர்ந்தன. முதல் சரவெடியைக் கொளுத்தியவர் டீக்கடைக்காரர்தான். டிரைவர் குதித்து இறங்கி, பஸ்ஸின் முன்னால் கட்டியிருந்த மாலையை அவிழ்த்து, சொட்டச் சொட்ட மேலேறி வந்த மாமாவின் கழுத்தில் போட்டார். மாப்பிள்ளைக்கு முன் இவருக்கு மாலையா என்று பெரியப்பா முறைத்தார்.

என்னைத் திட்டியவருக்கு மாலை எதற்கு என்று நானும் முறைத்தேன்.

மாமா காதில் சொன்னதை அந்த டிரைவர் பல வருஷம் கழித்து என்னிடம் சொன்னார். “நடு வளைவுக்குக் கீழ நான் நிக்கிறேன் நைனா. நீ ஏத்து.”

அன்றிரவுப் பந்தியில் மாமா தன் இலையிலிருந்த லட்டை எடுத்து என் இலையில் வைத்தார். நான் அதைத் தின்றுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.