கூரி மணலில் சிக்கிய மாலை

போன மார்ச் மாதம் நாங்கள் மூன்று பேர் ராஜஸ்தானின் தார் பாலைவனத்துக்குக் காரில் போய்க் கூடாரத்தில் தங்கிவிட்டு வந்தோம். இதே மாதிரி கிளம்ப நினைக்கிறவர்கள் நிறையப் பேர் செலவு எவ்வளவு, வழி எப்படி என்று கேட்கிறார்கள். அதைச் சொல்கிறேன். அதோடு, அங்கே ஒரு மாலை நடந்ததையும் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் வழி மட்டும் சொன்னால் பாதி உண்மைதான்.

மூன்று பேரும் திருவண்ணாமலைக்காரிகள். நான் சுமதி, ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. ரேவதி வேங்கிக்காலில் சின்னதாகத் தையல் யூனிட் நடத்துகிறாள். எங்களில் கார் ஓட்டத் தெரிந்தவள் அவள் மட்டும். தரணி சமணக் குடும்பத்துப் பெண், ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறாள். எங்களில் இந்தி பேசத் தெரிந்தவள் அவள் மட்டும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி ரேவதியும் நானும் கிரிவலம் போவோம். பேச்சுத் துணைக்காகத் தரணியும் வருவாள். அப்படி ஒரு முறை அடி அண்ணாமலையில் டீ குடிக்க நின்றபோது, கானமயில் என்ற பெரிய பறவையைச் சாவதற்குள் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று தரணி சொன்னாள். அது மிச்சமிருக்கும் இடங்களில் முக்கியமானது ஜெய்சல்மேர் பக்கத்துப் பாலைவனத் தேசியப் பூங்கா. "சொல்லிக்கினே இருந்தா ஆவுமா? போலாம், நான் வண்டி ஓட்டறேன்" என்றாள் ரேவதி. இரண்டு வீட்டில் சண்டை, ஒரு வீட்டில் மௌனம். எப்படியோ கிளம்பிவிட்டோம்.

சென்னையிலிருந்து ஜோத்பூருக்கு ரயில், இரண்டு இரவுப் பயணம். ஜோத்பூரில் ஒரு எஸ்யூவியை நாங்களே ஓட்டிக்கொள்ள வாடகைக்கு எடுத்தோம், ஒரு நாளைக்கு 2,800 ரூபாய், டீசல் தனி. அங்கிருந்து ஜெய்சல்மேர் சுமார் 280 கிலோமீட்டர். சாலை நூல் பிடித்த மாதிரி நேராகப் போகிறது; ஓட்டுகிறவருக்குத் தூக்கம் வரும், பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள். ஜெய்சல்மேரிலிருந்து கூரி என்ற கிராமம் ஒரு மணி நேரம். பூங்காவை ஒட்டிய அந்த ஊருக்கு வெளியே, மணல்மேடுகளுக்கு நடுவில் ரத்தன் என்பவரின் கூடார முகாமில் தங்கினோம். கூடாரத்துக்கு 1,800 ரூபாய், இரண்டு வேளைச் சாப்பாட்டோடு. தரணி பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டாள். சொல்லத் தயங்கிக்கொண்டே சொன்னாள். அவர் சிரித்துவிட்டு ஐந்தரைக்கே ரொட்டி சுட்டுக் கொடுத்தார். அவரிடம் வரும் ஜெயின் யாத்திரிகர்கள் எல்லோரும் அப்படித்தானாம்.

மறுநாள் மாலை, சூரியன் இறங்குவதைப் பார்க்க நாங்களாகவே காரை எடுத்துக்கொண்டு போனோம். அரை மணி நேரத்தில் திரும்பிவிடலாம் என்று ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் மட்டும்தான் எடுத்தோம். தார்ச்சாலையிலிருந்து பிரிந்த ஒரு மண்தடம் கெட்டியாகத் தெரிந்தது. அதில் மூன்று கிலோமீட்டர் போயிருப்போம். ஒரு வளைவில் தடம் மணலாக மாறியது. ரேவதி ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாள், சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. இன்னும் அழுத்தினாள். பின்சக்கரம் பாதிக்கு இறங்கிவிட்டது.

போனில் சிக்னல் இல்லை. முதலில் சிரித்தோம், படம்கூட எடுத்தோம். அப்போதுதான் மேற்கே அடிவானம் பழுப்பாக இருப்பதை நான் பார்த்தேன். மேகம் என்று நினைத்தேன். அது தரையிலிருந்து எழும்பி நின்றது.

"உள்ள ஏறுங்கடி!" என்று ரேவதி கத்தினாள். கண்ணாடியை ஏற்றி முடிப்பதற்குள் காற்று வந்து மோதியது. வண்டி ஆடியது. மாலை வெயில் போன இடம் தெரியவில்லை. காப்பித்தூளைக் கொட்டிய மாதிரி நிறம், முன்னால் இருக்கும் பானட்கூடத் தெரியவில்லை. எங்கிருந்து நுழைந்ததோ, மெல்லிய புழுதி உள்ளேயும் மிதந்தது. பல்லில் மணல் கரகரத்தது.

தரணி இருமினாள். ஒருமுறை, பிறகு விடாமல். அவளுக்குச் சின்ன வயதிலிருந்து வீசிங் உண்டு, எங்களுக்குத் தெரியும். இரண்டு வருடமாக வரவேயில்லை என்பதால் மறந்தே போயிருந்தோம்.

"இன்ஹேலர் எங்கடி?"

அவள் கைப்பையைக் கவிழ்த்தாள். சீப்பு, கைக்குட்டை, ஒரு மாத்திரை அட்டை. பிறகு என்னைப் பார்த்தாள். "டென்ட்ல... பெரிய பையில."

துப்பட்டாவை நனைத்து அவள் மூக்கில் வைத்தேன். நேராக உட்கார வைத்து முதுகைத் தடவினேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விசில் மாதிரி சத்தம் கேட்டது. தோள் இரண்டும் ஏறி இறங்கின. லேபில் வேலை செய்கிறவள் நான், ஆஸ்பத்திரி வாசனையிலேயே இருக்கிறவள். ஆனால் அங்கே என் கையில் ஈரத் துணி ஒன்றைத் தவிர எதுவும் இல்லை.

கால் மணி நேரம் இருக்கும், காற்று கொஞ்சம் தணிந்தது. ரேவதி இறங்கினாள். முதல் நாள் ராத்திரி ரத்தன் பேச்சுவாக்கில் சொன்னதைத் தரணிதான் எங்களுக்கு மொழிபெயர்த்திருந்தாள்: மணலில் மாட்டினால் டயரில் பாதிக் காற்றை விட்டுவிடுங்கள். ரேவதி தலையிலிருந்த கொண்டை ஊசியால் நான்கு டயரிலும் காற்றை இறக்கினாள். நானும் இறங்கி, சக்கரத்துக்கு முன்னாலிருந்த மணலைக் கையால் வாரி, காரின் கால்மிதிகளை அடியில் திணித்தேன். முதல் தடவை வண்டி உறுமிவிட்டு அப்படியே நின்றது. இரண்டாவது தடவை ஒரு குலுக்கு குலுக்கி மேலே ஏறிவிட்டது.

வழி பார்க்க நான் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். சந்தோஷப்பட நேரமில்லை. நாங்கள் வந்த தடம் இல்லை. சக்கர அடையாளத்தைக் காற்று வழித்துவிட்டது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மணல், ஒரே முட்புதர். எங்கள் ஊரில் எந்தத் தெருவில் நின்று தலையைத் தூக்கினாலும் மலை தெரியும், அதை வைத்தே திசை பிடித்துவிடுவோம். இங்கே பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

"ரைட்ல இருந்துதான வந்தோம்?"

"தெரியலடி. சத்தியமா தெரியல." ரேவதி ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள்.

அப்போது யாரோ என் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டினார்கள். அலறியே விட்டேன். தலையிலிருந்து இடுப்புவரை சிவப்புத் துணி போர்த்திய ஒரு பெண், முகமெல்லாம் புழுதி. மார்போடு அணைத்த கையில், அன்றுதான் பிறந்த ஓர் ஆட்டுக்குட்டி. கண்ணாடியை இறக்கினேன். மளமளவென்று என்னவோ சொன்னார், குட்டியைக் காட்டினார், இடது பக்கம் கை நீட்டினார். ஒரு வார்த்தை புரியவில்லை. புரிய வேண்டியவள் பின்சீட்டில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள்.

எங்கள் ஊர்ப் பேச்சில் கலந்த உருதுதான் எனக்குத் தெரிந்த ஒரே இந்தி. தரணியைக் காட்டி, "மூச்சு கம்மி! கம்மி! இழுப்பு ஜாஸ்தி!" என்றேன். அந்த அம்மா எட்டிப் பார்த்தார். முகம் மாறியது. கதவைத் திறந்து என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஏறி, குட்டியை என் மடியில் போட்டுவிட்டு, மறுபடியும் இடது பக்கமே கையை நீட்டினார்.

"கேம்ப் ரைட்டுலதான் இருக்கணும், சுமதி" என்றாள் ரேவதி. "இவங்க வூட்டுக்குப் போகச் சொல்றாங்களா? நேரம் போயிடும்டி. இவ உதட்டப் பாரு."

உதடு வெளிறிப்போயிருந்தது. எனக்கும் அதே சந்தேகம்தான். குட்டியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவர் கவலை, எங்கள் கவலை அவருக்கு எதற்கு என்று தோன்றியது. அந்த அம்மா டேஷ்போர்டைத் தட்டித் தட்டி ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "ஸடக்! ஸடக்!"

தரணி என் தோளைப் பிடித்து இழுத்தாள். பேச முடியாமல் இரண்டு மூச்சு விட்டாள். "ரோடு..." என்றாள். "ரோடுனு... சொல்றாங்க."

ரேவதி இடது பக்கம் திருப்பினாள். அந்த அம்மா விரலால் வழி காட்டக் காட்ட, மேட்டை விட்டுப் பள்ளம், பள்ளத்தை விட்டுப் புதர் என்று போனோம். ஐந்து நிமிடமா பத்து நிமிடமா தெரியாது. திடீரென்று சக்கரத்தடியில் தட்டென்று தார்ச்சாலை. ரேவதி "ஐயோ" என்று அழுதுகொண்டே ஓட்டினாள். சாலையோரம் நான்கைந்து குடிசைகள் தெரிந்த இடத்தில் அந்த அம்மா இறங்கி, குட்டியை வாங்கிக்கொண்டு, நேராகப் போங்கள் என்று கை காட்டினார். நன்றி சொல்லக்கூட நிற்கவில்லை நாங்கள்.

முகாமில் இன்ஹேலர் கிடைத்தது. நான்கு முறை அழுத்தியும் பாதிதான் அடங்கியது. டயருக்குக் காற்றடிக்க நேரமில்லாததால் ரத்தன் தன் ஜீப்பிலேயே எங்களை ஜெய்சல்மேர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நெபுலைசர் வைத்து, ஊசி போட்டு, ஒரு மணி நேரம் கழித்து அந்த விசில் சத்தம் நின்றது. அதுவரை அசையாமல் நின்றிருந்த ரேவதி, வராந்தாவில் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். நான் கிட்டே போகவில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். புழுதிக் காற்று மார்ச்சிலும் வரும். நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போய்விடுங்கள். பூங்காவுக்குள் போக ஜெய்சல்மேரிலேயே அனுமதி வாங்க வேண்டும், போகும்போது உள்ளூர் டிரைவரோடு போங்கள். வெளியேயும் தார்ச்சாலையை விட்டு இறங்காதீர்கள். எங்கே போகிறோம், எப்போது வருவோம் என்று முகாமில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். மருந்து இருக்கிற பையும் நீங்களும் ஒரு நிமிடம்கூடப் பிரியக் கூடாது. மொழி தெரிந்தவர் ஒருவர் மட்டும் இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள்; "உதவி", "மூச்சு", "ஆஸ்பத்திரி", "சாலை", இந்த நான்கையாவது எல்லோரும் கற்றுக்கொள்ளுங்கள். கானமயிலை நாங்கள் பார்க்கவில்லை. அந்தப் பாக்கி அப்படியே இருக்கிறது.

ஒரு நாள் ஓய்வுக்குப் பிறகு, ஒரு கிலோ லட்டு வாங்கிக்கொண்டு, ரத்தனோடு அந்தக் குடிசைகளுக்குப் போனோம். அந்த அம்மாவின் பெயர் ஜம்னா. காற்றில் குட்டியை விட்டுப் பிரிந்துபோன தாய் ஆடு தானாக வீடு வந்து சேர்ந்துவிட்டதாம். குட்டி அதன் காலடியில் தள்ளாடிக்கொண்டிருந்தது. தரணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இந்தியில் சொன்னாள்: அன்றைக்கு நாங்கள் உங்களைச் சந்தேகப்பட்டோம், உங்கள் வீட்டுக்குத்தான் கூப்பிடுகிறீர்கள் என்று நினைத்துவிட்டோம்.

ஜம்னா சத்தமாகச் சிரித்தார். அவர் தன் மொழியில் சொன்னதை ரத்தன் இந்தியில் சொல்ல, தரணி எங்களிடம் திரும்பினாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"அவங்களும்தான் பயந்தாங்களாம்டி. புரியாத பாஷை, தெரியாத வண்டி, உள்ள ஏறினதும் எங்க கொண்டு போவாங்களோனு நெஞ்சு அடிச்சிக்கிச்சாம். இருந்தாலும் என் மூச்சு சத்தம் கேட்டுட்டு, இறங்க மனசு வரலயாம்."