கொஞ்சம் சீரியஸ்

ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தது நானும் அம்மாவும்தான். நல்லூர் பெரியப்பா இல்லை. ஸ்ரீமுஷ்ணத்து அத்தை இல்லை. வேப்பூர் மாமா இல்லை. ஒரு காதுகுத்து என்றால் மூன்று பந்தி உட்காருகிற சொந்தத்தில், பிள்ளைகள், மருமகன்கள், பங்காளிகள் என்று ஒருவரும் இல்லை. தங்கையை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தோம். அப்பா உள்ளே இருந்தார்.

அப்பாவுக்கு விருத்தாசலத்தில் ஒரு செராமிக் ஃபாக்டரியில் சூளை அடுக்குகிற வேலை. முதுகுவலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கி வெறும் வயிற்றில் டீயோடு போட்டுக்கொள்வார். வருஷக்கணக்காக அப்படித்தான். அன்று காலை சூளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் ரத்தமாக வாந்தி எடுத்திருக்கிறார். களிமண் ஏற்றுகிற டெம்போவிலேயே தூக்கிப் போட்டுக் கொண்டுவந்து இறக்கிவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். நான் பாலிடெக்னிக்கிலிருந்து ஓடி வந்து பார்த்தபோது ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். தலையிலும் புருவத்திலும் எப்போதும் போல வெள்ளை மண்தூள். உதடு அந்த மண்ணைவிட வெளுத்திருந்தது.

டாக்டர் வெளியே வந்தார். "வயித்துல புண்ணு வெடிச்சிருக்கு. ரத்தம் நிக்கல. ஆபரேஷன் பண்ணியாகணும். நாலு பாட்டில் ரத்தம் வேணும், குடுக்கறதுக்கு ஆளக் கூட்டிட்டு வாங்க. சீரியஸ்தான்" என்றார்.

கடைசி வார்த்தையைக் கேட்டதும் அம்மா தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, உயிரோடதான்மா இருக்காரு" என்று டாக்டர் சத்தம் போட்டார். அவருக்கு எங்கள் வீட்டு வழக்கம் தெரியாது.

எங்கள் சொந்தத்தில் சாவுச் செய்தியைப் போனில் யாரும் சொல்வதில்லை. கேட்கிறவர் தனியாக இருப்பார், மயங்கி விழுவார், பஸ்ஸில் வரும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். அதனால் "கொஞ்சம் சீரியஸ், பொறப்பட்டு வாங்க" என்பார்கள். கேட்கிறவரும் "ஐயோ, எப்ப?" என்று கேட்கமாட்டார். "சரி, வந்துடறோம்" என்று போனை வைத்துவிட்டு மாலைக்குச் சொல்லப் போவார். உண்மையிலேயே யாராவது படுத்த படுக்கையாகக் கிடந்தால் அதற்கு "கொஞ்சம் முடியல" என்று வேறொரு சொல் இருக்கிறது. முடியல என்றால் ரொட்டியும் பழமும் வாங்கிக்கொண்டு நாளைக்கு வரலாம். சீரியஸ் என்றால் கோடித்துணி எடுத்துக்கொண்டு இப்போதே வரவேண்டும். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அந்த வார்த்தைக்குப் புத்தகத்தில் வேறு அர்த்தம் இருப்பது எனக்கே ஹைஸ்கூலில்தான் தெரிந்தது. தெரிந்து என்ன, டாக்டர் அதைச் சொன்னபோது என் காதிலும் எங்கள் அர்த்தம்தான் விழுந்தது.

எதிரே டீக்கடையில் ஒரு ரூபாய் போன் இருந்தது. மாமாவுக்கு வேப்பூரில், ஹைவே ஓரத்தில் ஓட்டல். எங்கள் சொந்தத்தில் எந்தச் செய்தியும் அவர் கடைப் போனுக்குப் போய், அங்கிருந்துதான் ஊர் ஊராகப் பிரியும். அந்த வார்த்தையை மட்டும் வாயில் எடுத்துவிடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நம்பரை அழுத்தினேன்.

"மாமா, அப்பாவுக்கு வயித்துல ஆபரேஷன் பண்ணணுமாம். ரத்தம் குடுக்க ஆளு வேணும். பெரியப்பாகிட்ட சொல்லி..." முடிப்பதற்குள் மாமா கேட்டார்.

"அக்கா எங்க மாப்ள?"

"கீழ வுழுந்து அழுவுது மாமா."

கடையில் யாரிடமோ அடுப்பை அணைக்கச் சொல்வது கேட்டது.

"சரி மாப்ள. நீ ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்குப் புரிஞ்சிபோச்சி. யாரு யாருக்குச் சொல்லணுமோ நான் சொல்லிக்கறேன். நீ அக்காவப் பாத்துக்க."

"இல்ல மாமா, ரத்தம்..." என்றேன். அவர் வைத்துவிட்டிருந்தார்.

ஆனாலும் எனக்குத் தெம்பாகத்தான் இருந்தது. மாமா சொன்னால் எல்லோரும் வருவார்கள். ரத்த வங்கியில் நான் ஒரு பாட்டில் கொடுத்தேன். அம்மாவின் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு, இவங்களுக்கே ஏத்தணும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் கொடுத்ததற்கு ஈடாகத் தந்த பாட்டில் அப்பாவுக்கு ஏறிக்கொண்டிருந்தது. நர்ஸ் கதவைத் திறக்கும்போதெல்லாம் நான் எழுந்து நின்றேன்.

"ஆளு வந்துட்டாங்களா?"

"வந்துகிட்டு இருக்காங்க சிஸ்டர்."

"எங்கேருந்து வராங்க, அமெரிக்காவுலேருந்தா?"

வேப்பூர் பஸ் வந்து போனது. ஸ்ரீமுஷ்ணத்துப் பஸ் வந்து போனது. ஆஸ்பத்திரி வாசலில் யாரும் இறங்கவில்லை. மறுபடி மாமாவுக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லை. கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பியவர் ஏன் இன்னும் வரவில்லை? பெரியப்பாவும் அப்பாவும் வரப்புத் தகராறில் பேச்சை விட்டவர்கள், அவர் வராவிட்டாலும் புரிந்துகொள்ளலாம். ஆனால் அத்தை? தம்பி என்றால் உயிரை விடுகிற அத்தை? ரத்தம் கொடுக்கப் பயந்துகொண்டு எல்லோரும் ஒதுங்கிவிட்டார்களா? பாட்டிலில் ரத்தம் அடிமட்டத்துக்கு வந்திருந்தது. அம்மா என் கையைப் பிடித்திருந்த பிடியில் அவள் நகம் பதிந்திருந்தது. அதை அவளும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

அப்போது, அப்பாவோடு சூளையில் வேலை செய்கிற ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் மடித்து வைத்துக்கொண்டு எட்டியே நின்றார்.

"தம்பி, எப்ப எடுக்கறாங்க?"

ரத்தத்தைக் கேட்கிறார் என்று நினைத்தேன். "ஆளுங்க வந்ததும் எடுப்பாங்கண்ணே."

"ஆமா, கூடப் பொறந்த பொறப்பு வராம எப்படி? அதான் ஸ்ரீமுஷ்ணத்து வேன் வந்துடுச்சே. பாத்துட்டுத்தான் வரேன்."

"எங்கண்ணே வந்திருக்கு?"

"உங்க வூட்டுக்குத்தான். பந்தல் போட்டாச்சி. பெஞ்சு கொண்டாந்து போட்டிருக்காங்க."

அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியது மாமா தப்பாகப் புரிந்துகொண்டார் என்பதல்ல. அப்பா செத்துவிட்டார், எனக்குத்தான் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள் என்றுதான். எங்கள் வழக்கமே அதுதானே? நானே எத்தனை பேரிடம் அப்படிச் சொல்லி வண்டி ஏற்றியிருக்கிறேன். டாக்டர் சொன்ன சீரியஸ் எங்கள் சீரியஸ்தானோ? நர்ஸ் ஆள் வந்தார்களா என்று கேட்டது ரத்தத்துக்கு இல்லையோ? கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். நர்ஸ் கையை நீட்டி மறித்தாள்.

"உயிரோட இருக்காரா சிஸ்டர்? நெசத்தச் சொல்லுங்க."

"இருக்காருப்பா. ஆனா நீ இப்படியே ஆளக் கூட்டிட்டு வராம நின்னுகிட்டு இருந்தா என்னா சொல்றதுன்னு எனக்குத் தெரியாது."

அவள் சொன்னதையும் முழுசாக நம்பவில்லை. அவளுக்குப் பின்னால் கட்டிலில் அப்பாவின் விலா ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் வெளியே வந்தேன். சூளைக்காரர் காமாலை கண்ட உடம்பு, ரத்தம் கேட்க முடியாது. அவரை அம்மாவுக்குத் துணையாக உட்கார வைத்துவிட்டு அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓட்டினேன். ரத்தம் கொடுத்த உடம்பு. ரயில்வே கேட்டருகே கண் இருட்டிக்கொண்டு வந்தது, இறங்கித் தள்ளிவிட்டு மறுபடி ஏறினேன்.

எங்கள் தெருவில் திரும்பியதுமே அழுகை கேட்டது. வாசலில் சாமியானா. வாடகை நாற்காலிகளில் ஆண்கள். பந்தலுக்கு நடுவே, உடம்பைக் கிடத்துவதற்கு, காலியாக ஒரு பெஞ்சு. பெண்கள் வட்டமாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். நடுவில் என் தங்கை. அவளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அத்தை வந்து கட்டிப்பிடித்து அழுததிலேயே அவள் தெரிந்துகொண்டுவிட்டாள். அழக்கூட இல்லை, வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள்.

அத்தை தன் தம்பியைச் சொல்லிச் சொல்லி அழுதாள். "எங் கல்யாணத்துல வண்டி அச்சு முறிஞ்சி போச்சின்னு, எஞ் சீர்ப் பொட்டியத் தலையில தூக்கிகிட்டு ஸ்ரீமுஷ்ணம் வரைக்கும் நடந்து வந்தியேடா..." மாலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியப்பா, யாரையும் பார்க்காமல் பேசிக்கொண்டிருந்தார். "பள்ளிக்கூடம் போறேன்னு அழுதான். நாந்தான் மாட்டப் புடிச்சிக் கையில குடுத்தேன். எம் புள்ளையாவது போவட்டும்னு இவன அனுப்பிட்டுப் போயிட்டானே."

இதையெல்லாம் நான் அதுவரை கேட்டதில்லை. அப்பா ஒரு கதை போல, முடிந்துபோன ஆளாக அந்தப் பந்தலுக்குள் இருந்தார். கேட்கக் கேட்க, ஆஸ்பத்திரியில் நான் பார்த்த விலா பொய்யோ என்று வந்துவிட்டது.

"அப்பா உயிரோட இருக்காரு!" என்று கத்தினேன்.

அழுகை இரண்டு மடங்கானது. அத்தை ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "ஐயோ, எஞ்சாமிக்குப் புத்தி பேதலிச்சிப் போச்சே!"

"நெசமாத்தான் அத்த! ரத்தம்தான் வேணும்!"

"புள்ளைக்கு சோடா வாங்கிக் குடுங்கடா" என்றார் பெரியப்பா.

மாமா வந்து என் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார். தணிந்த குரலில், "அப்படித்தான் மாப்ள இருக்கும். எங்கப்பா போனப்ப எனக்கும் அப்படித்தான் இருந்துச்சி. பாடி எப்பத் தருவாங்களாம்?" என்றார்.

அவர் கையைத் தட்டிவிட்டேன். கையிலிருந்த பஞ்சைக் காட்டினேன். ஊசி குத்தின இடம், ஆபரேஷன், நாலு பாட்டில் என்று நான் சொன்ன ஒவ்வொன்றும் அவர்களுக்கு ஒரு பிள்ளையின் புலம்பலாகத்தான் கேட்டது. நாங்களே இத்தனை காலம் சொல்லிச் சொல்லிப் பழக்கிய காது அது. உயிரோடு இருக்கிறார் என்று சொல்ல எங்களிடம் நம்பும்படியான ஒரு வார்த்தை இல்லாமல் போயிருந்தது. அங்கே ரத்தம் தீர்ந்துகொண்டிருந்தது. நான் அப்படிப் பயந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

தங்கைதான் வாயைத் திறந்தாள். "அம்மா எங்கண்ணா?"

"ஆஸ்பத்திரியில."

"தனியாவா வுட்டுட்டு வந்த?"

அத்தையின் அழுகை சட்டென்று நின்றது. எங்களில் ஒருவர் ஆஸ்பத்திரியில் இறந்தால், உடம்பு வருவதற்கு முன்னால் பெண்டாட்டியைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். அவளைப் பிணத்தோடு ஆஸ்பத்திரியில் உட்கார வைத்துவிட்டு எந்தப் பிள்ளையும் வரமாட்டான்.

"டேய், அவ வூட்டுக்கு வரலடா" என்றாள் அத்தை, மாமாவைப் பார்த்து. "உங்க அக்கா வரல! உனக்குப் போன்ல என்னாடா சொன்னான்? செத்துட்டான்னா சொன்னான்?"

"அத யாரு சொல்லுவா? ஆபரேஷன், ரத்தம்னான். நாசூக்கா சொல்றான்னு நெனச்சேன்."

"நீ நெனச்சதுல இடி வுழ! எந்திரிங்கடா!"

எழுந்தார்கள். ஸ்ரீமுஷ்ணத்து வேன் திரும்பி நின்றது. மாமா, அத்தையின் மகன் என்று ஏறினார்கள். பெரியப்பா மட்டும் மாலையோடு பந்தலில் நின்றார். சாவுக்கு என்று வந்துவிட்டார். உயிரோடு இருக்கிற தம்பியைப் போய்ப் பார்ப்பதா என்று அவருக்குப் புரியவில்லை. மாலையை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை.

"பெரியப்பா, வாங்க" என்றேன். "ஒரு பாட்டில் கொறையுது."

மாலையை அந்தப் பெஞ்சின் மேல் வைக்கப் போனவர், பதறிக் கையை இழுத்துக்கொண்டு, வேலிப் பக்கம் வீசிவிட்டு வந்து ஏறினார்.

ஆபரேஷன் முடிய விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது. கதவு திறந்து டாக்டர் வந்தபோது இத்தனை பேரும் அவர் வாயையே பார்த்தோம். எந்த வார்த்தையைச் சொல்லப்போகிறாரோ என்று பயம்.

"இனிமே பயமில்ல" என்றார்.

"அப்படித்தான் சொல்லுவாங்க" என்றாள் அத்தை. கதவுக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு, அப்பாவின் கால் கட்டைவிரல் அசைகிற வரைக்கும் அவள் நகரவில்லை.

போகும்போது அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "பந்தல்ல பேசினத அவங்கிட்ட சொல்லிடாத. செத்தவங்களுக்குன்னு பேசினது, இருக்கறவன் காதுல வுழுந்தா ஆவாது." பெரியப்பாவும் அப்பாவும் அதன்பிறகு பேசிக்கொண்டார்கள், ஆனால் மழையைப் பற்றியும் கரும்பைப் பற்றியும்தான். மாட்டைப் பிடித்துக் கொடுத்ததைப் பற்றி அல்ல.

வீட்டுக்கு வந்ததும், பந்தல் போட்டதைக் கேள்விப்பட்டு அப்பா கேட்டார். "எல்லாரும் வந்து உக்காந்து என்னா பேசிகிட்டாங்க?"

"ஒண்ணும் இல்லப்பா. அழுதாங்க."

"எங்கண்ணன் அழுதானா?"

"அழுதாரு."

"என்னா சொல்லி அழுதான்?"

நான் தண்ணீர் கொண்டுவரப் போவதாகச் சொல்லி எழுந்து போய்விட்டேன். பலமுறை கேட்டிருக்கிறார். ஒருமுறையும் சொன்னதில்லை. சொன்ன மறுநாள் ஏதாவது ஆகிவிட்டால்? படித்தவன் நம்புகிற விஷயமா இது என்று கேட்கலாம். அந்தப் பந்தலில் உட்கார்ந்திருந்தால் தெரியும். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன்.

இப்போதும் வேப்பூரிலிருந்து போன் வந்தால் உட்கார்ந்துகொண்டுதான் எடுக்கிறேன். மாமா முன்பு போலத்தான் பேசுகிறார், ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால், "மாப்ள, உயிரு இருக்குது" என்றுதான் ஆரம்பிக்கிறார்.

தையல் பிரித்த பிறகு அப்பா மாமாவைக் கூப்பிட்டு அனுப்பினார். பந்தல், நாற்காலி, பெஞ்சு, மாலை, கோடித்துணி, மேளத்துக்கு முன்பணம், வேன் வாடகை எல்லாம் எவ்வளவு ஆச்சு என்று கேட்டார்.

"வுடுங்க மச்சான், நான் பண்ண கூத்து."

"எஞ் சாவுக்கு ஆன செலவு அடுத்தவன் கையில நிக்கக் கூடாதுடா. நான் குடுத்து முடிச்சிடறேன். முடிஞ்சதா இருக்கட்டும்."

மாமாவுக்கும் அது சரி என்றுதான் பட்டிருக்க வேண்டும். விரல் விட்டு எண்ணிக் கணக்குச் சொன்னார். அம்மா உள்ளே போய், எண்ணிக் கொண்டுவந்து கொடுத்தாள். மூவாயிரத்து நானூற்று எழுபது ரூபாய்.